தோட்டா உறையில் படியும் ஈயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சுட்டபின் மிஞ்சும் உலோக உறைகளில் மீண்டும் வெடிமருந்தும் குண்டும் நிரப்பி, கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே தயாரித்துக்கொள்வோர் பற்றிய உங்கள் கட்டுரை, செலவுக் கணக்கை விரிவாகச் சொல்லிவிட்டு ஆபத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனைக்குத் தயாரிப்பவருக்கே மத்திய அரசின் உரிமம் தேவை. சொந்த உபயோகத்துக்கு நிரப்புபவருக்கு அவருடைய கவனம் ஒன்றே காவல். பேச்சுச் சுவாரசியத்தில் ஒரே உறைக்குள் இருமுறை வெடிமருந்து விழுந்துவிட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். சத்தமில்லாத தீங்கு ஈயம்தான்: சுட்ட உறைகளில் படிந்த தூசி, சாப்பாட்டு மேசையையே பட்டறையாக்கிக்கொண்டவரின் கை வழியாக வீட்டுக் குழந்தைகளையும் சென்றடையும். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும், ஆர்வக்கோளாறில் யாரும் முயன்றுவிடாதபடி, குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்