கட்டடத்துக்குள் இருக்கும் சிற்பம் ஸ்டாப் ஆகாதா? வேலூரிலிருந்து ஒரு புகார்

அனுப்புநர்: ‘போக்கிமான் கோ’ ஆடும் வேலூர் நகர ஆட்டக்காரர்கள் சிலர்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர், வரைபடத் தல ஆய்வுப் பிரிவு

பொருள்: வேலூர் பொது நூலகக் கூடத்தின் சுவர்ச் சிற்பத்தை ஸ்டாப்பாக ஏற்க மறுத்தது – மனிதர் பார்க்கும் மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

‘போக்கிமான் கோ’ கைபேசி ஆட்டத்தில், ஊரில் உள்ள ஓர் உண்மையான இடத்தை ஆட்டக்காரர் முன்மொழிந்து (நாமினேஷன்), அது ரிவ்யூவில் ஏற்கப்பட்டால், ஆட்ட வரைபடத்தில் ‘ஸ்டாப்’ என்ற தலமாகத் தோன்றும். தங்கள் விதிமுறையில் பொதுக்கலைக்கு இடம் உண்டு. அது திறந்தவெளியில்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நிலையாக இருக்க வேண்டும், பொதுமக்கள் நடந்து போய்ப் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரிவ்யூ செய்பவருக்குத் தாங்கள் காட்டுவது கூரையின் செயற்கைக்கோள் படம். கூரையைப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி தெரியும், சிற்பம் எப்படித் தெரியும்? எங்கள் புகாரின் சாரம் இதுதான்.

நாமினேஷன் செய்தது 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைக் காட்டும் சிமெண்ட் புடைப்புச் சிற்பம். நீளம் 12 அடி, உயரம் 7 அடி. நூலகத்தின் தரைத்தள முகப்புக் கூடத்தில் சுவரோடு சேர்த்துப் பூசி, மேலே எனாமல் அடித்தது. எடுக்க வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். இதற்கு வந்த முதல் காரணம் ‘தற்காலிகமான காட்சிப்பொருள்’.

இப்படி வரக்கூடும் என்று தெரிந்தேதான் படம் எடுத்தோம். எனாமல் பூச்சில் நேராக ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும், புடைப்பும் தட்டையாகி ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரி ஆகிவிடும். அதனால் ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலை நேரத்தில் எடுத்தோம். வீரர்களின் நிழல் சுவரில் விழுவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. வாசகர் முகம் எதுவும் விழவில்லை. சுற்றுப்புறத்தைக் காட்டும் துணைப்படத்தில் நுழைவாயிலும் சிற்பத்தின் இடது ஓரமும் ஒரே சட்டத்தில் உள்ளன. இதற்குமேல் ஒரு துணைப்படத்தில் என்ன காட்ட முடியும்? வாசலில் இருந்து பார்வை படாத உள்கூடம் என்றால் இதுகூட வாய்க்காது. அத்தகைய இடங்களுக்குத் தங்கள் படிவத்தில் வழியே இல்லை.

இரண்டாவது காரணம் ‘இடம் பொருந்தவில்லை’. இதில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது.

ஒன்று, ஜிபிஎஸ். கான்கிரீட் தளத்துக்குக் கீழே செயற்கைக்கோள் சிக்னல் மங்கிப்போகும். போன் வைஃபையையும் செல் கோபுரத்தையும் வைத்து ஊகிக்கும். புள்ளி பக்கத்துத் தெருவுக்கே தாவிவிடும். படத்தோடு பதியும் இருப்பிடமும் அப்படியே தவறும். ஆகவே போன் சொன்ன இடத்தை நம்பாமல், கிழக்கு வாசலில் இருந்து சிற்பம் வரை டேப் பிடித்து அளந்தோம்: உள்ளே 9 மீட்டர், வடக்கே 4 மீட்டர். அதை வரைபடத்தின் தூர அளவியில் போட்டு, இடத்தைக் குறிக்கும் பின்னைக் குத்தினோம். தசமத்துக்குப் பின் ஐந்தாவது இலக்கம் என்பது தரையில் சுமார் 1 மீட்டர், அந்த நுணுக்கத்துக்கு எண் கொடுத்திருக்கிறோம். கூடத்தை 360 டிகிரி படமாகவும் எடுத்து, அதன் இருப்பிடத்தைக் கையால் திருத்தி, பொது வரைபடத்தில் ஏற்றியிருக்கிறோம். ரிவ்யூ செய்பவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. கூகுள் வண்டி தெருத்தெருவாக ஓடிப் படம் எடுக்கும் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் இந்தியாவில் மறுபடி தொடங்கியபோது முதல் பத்து நகரங்களில் தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டுமே கிடைத்தது. அந்த வண்டி எங்கள் தெருவில் ஓடினாலும் கூடத்துக்குள் ஓடாது.

இரண்டாவது சங்கதி, சிற்பத்தின் கல்வெட்டு. அதில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று பொறித்திருக்கிறது, வரைபடம் வேலூர் மாவட்டம் என்கிறது. வட ஆற்காடு 1989-இல் பிரிந்து இந்தப் பெயர் வந்தது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, அதுவும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. பழைய பெயர் கல்வெட்டில் இருப்பது சிற்பம் நெடுநாளாக அங்கேயே இருக்கிறது என்பதற்குச் சான்று. சான்றையே குற்றமாக எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் ‘பாதுகாப்பாக அணுக முடியாது’. காலை திறந்து மாலை மூடும் நூலகம். நுழைவுக் கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை கேட்பதில்லை, வாசலில் சாய்தளமும் உண்டு. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று தங்கள் விதி சொல்லவில்லை. ஆட்டத்தில் ஸ்டாப்பைச் சுழற்றும் தூரம் 80 மீட்டர் என்பதால் பூட்டிய பிறகும் நடைபாதையில் நின்றே ஆடலாம். உள்ளே போய் யாரும் வாசகரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

எதையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வேலூர் மருத்துவமனைகள் நிறைந்த ஊர், அவற்றின் தாழ்வாரங்களிலும் ஓவியங்கள் உண்டு. அவசர சிகிச்சைக்கு இடைஞ்சல் வரும் என்பதால் அவற்றை நாங்களே தொடுவதில்லை. பள்ளிச் சுவர்களும் அப்படியே. கோட்டைக்குள் மட்டும் கோயில், 1846-இல் கட்டிய தேவாலயம், அருங்காட்சியகம் என்று தலங்கள் நெருக்கியடிக்கின்றன. நகரின் மற்றப் பகுதிகளில் இருக்கிற கலை பெரும்பாலும் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது.

இன்னொரு குறை. பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும் எஸ்2 முறையின் 17-ஆம் நிலைக் கட்டம் ஒன்றில் ஒரு ஸ்டாப்தான் ஆட்டத்தில் தோன்றும். கட்டத்தின் பக்கம் இங்கே 80 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நூலக நுழைவு வளைவு ஏற்கெனவே ஸ்டாப்பாக இருந்தால், உள்ளே இருக்கும் சிற்பம் ஏற்கப்பட்டும் திரையில் வராது. ‘ஏற்கப்பட்டது’ என்ற மின்னஞ்சலில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் சிலர் பின்னைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தும் குறுக்குவழியில் இறங்குகிறார்கள். எங்கள் பின் சிற்பத்தின் மேலேயே இருக்கிறது. கட்ட எல்லையில் இருந்து அதன் தூரத்தை இணைப்பில் குறித்திருக்கிறோம்.

ஆகவே இந்த நாமினேஷனை இயந்திர வடிகட்டலுக்கு அனுப்பாமல், 360 டிகிரி படத்தைத் திறந்து பார்க்கும் ஒருவரிடம் கொடுக்கவும். மேல்முறையீட்டு வாய்ப்பு ஒன்றுதான் என்பதால், இந்த மறு ஆய்வை அதில் கழிக்கக் கூடாது. படிவத்தில் ‘கட்டடத்துக்குள்’ என்று ஒரு தேர்வுக் கட்டமும், அதைத் தொட்டால் வாசல், நடைவழி, சிற்பம் என மூன்று துணைப்படம் ஏற்றும் இடமும் வைக்கவும். மறுபடி நிராகரிப்பதானால் எந்த விதி, எந்தப் படத்தில் மீறப்பட்டது என்று எழுதித் தரவும்.

பதிலை எதிர்பார்க்கும்,
வேலூர் நகர ஆட்டக்காரர்கள்

இணைப்பு: 1. முதன்மைப் படம், துணைப்படம் 2. கல்வெட்டின் அண்மைப் படம் 3. டேப் அளவுகளுடன் தரைத்தள வரைபடம், எஸ்2 கட்ட எல்லையுடன் 4. நூலக வேலை நேரப் பலகையின் படம்