திங்கக்கிழமை பயிற்சிக்குப் போற தங்கச்சிக்கு

பாப்பா,

நர்சிங் உதவியாளர் பயிற்சியில நீ சேர்ந்த சேதி அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பத்தாவோட வருஷப் பூசைக்கு இன்னும் 9 நாள். நேர்ல பேசினா சண்டையில முடியும்னுதான் எழுதுறேன்.

அந்தக் காலையைப் பத்தித்தான். படுக்கையில கிடந்த அப்பத்தாவுக்கு அடியில இருந்த விரிப்பை நீ உருவின, அவங்க வால் எலும்பு மேல இருந்த தோல் அதோட உரிஞ்சு வந்துச்சு. பார்க்க வந்தவங்க முன்னாடி உன்னை என்ன சொன்னேன்னு நீ மறந்திருக்க மாட்ட. ஊரே படிக்கிற இடத்துல அதைத் திரும்ப எழுத மாட்டேன்.

புண் அதுக்கு முன்னாடியே உள்ள இருந்துச்சு. அசையாம படுத்துக் கிடந்தா எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்னுரும். மேல தெரியுறதுக்குள்ள உள்ள செத்திருக்கும். தங்கச்சிமடத்துப் புழுக்கத்துல, ரெக்சின் மெத்தையில, வேர்வையும் மூத்திரமும் பட்டு ஊறின தோலு லேசா இழுத்தாலே கிழியும். சிவந்திருக்கான்னு பார்க்கச் சொல்லுவாங்க. விரலால அமுக்கி எடுத்தா வெளுக்காம நிக்கிற சிவப்புதான் ஆரம்பம். நம்ம கறுத்த தோல்ல அது கண்ணுக்குச் சிக்காது. சுத்தியுள்ள இடத்தைவிடச் சூடா, கெட்டியா, இல்ல கொழகொழன்னு இருக்கான்னு தொட்டுப் பாரு. வால் எலும்பு, குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்மண்டை எல்லாம் பார்க்கணும். அங்க எண்ணெய் போட்டுத் தேய்க்காத, சீனியரே சொன்னாலும். நடுவுல ஓட்டை வச்ச ரப்பர் வளையமும் வேண்டாம், சுத்தி அமுக்கி ரத்தத்தை இன்னும் நிறுத்தும்.

அந்த வளையத்தை வாங்கி வச்சது நான். வார்டுல இத்தனை வருஷம் நின்னவ.

2 மணிநேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். மடிச்ச விரிப்பு ஒண்ணு தோள்லேர்ந்து தொடை வரைக்கும் அடியில கிடக்கணும். பக்கத்துக்கு ஒரு ஆளா நின்னு, ஓரத்தை உடம்போட ஒட்டிச் சுருட்டிப் பிடிச்சுத் தூக்கி நகர்த்தணும். இழுக்கவே கூடாது. 30 டிகிரி சாய்ச்சு முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவுல ஒண்ணு, கெண்டைக்கால் அடியில ஒண்ணு. குதிகால் மெத்தையில படாம அந்தரத்துல நிக்கணும். ரெண்டு ஆள் வேலை இது. அன்னிக்கு நீ ஒருத்திதான் இருந்த. இன்னொரு ஆள் ஏன் இல்லைன்னு எழுதினா ஒரு வீட்டுல மனஸ்தாபம் வரும், விட்டுர்றேன்.

ஆனா ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் எந்திரிச்சது யாரு? நீ விடியுமுன்னே பாசி எடுக்கக் கடலுக்குப் போயிருவ. அந்தக் காசுலதான் டயபர் வந்துச்சு, தெரியும். தெரிஞ்சும் கோபம் இன்னும் அடங்கல.

உன் விரல்ல பாறை கீறின வெட்டு எப்பவும் ஆறாம இருக்கும். கடல்ல சுத்துற மாதிரி துணி சுத்திட்டு வார்டுக்குள்ள போயிராத. தண்ணி புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேல கையுறை. கையுறையைக் கழட்டினதும் சோப்பு போட்டு 40லேர்ந்து 60 விநாடி கழுவு. எரியும், பரவாயில்ல.

ஊசியை நீயே போட்டுருன்னு யார் சொன்னாலும் போடாத. அது ஏஎன்எம் நர்ஸ் படிப்பு 2 வருஷம், இல்ல ஜிஎன்எம் நர்ஸ் படிப்பு 3 வருஷம் படிச்சு நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சவங்க வேலை. உனக்குக் குளிப்பாட்டுறது, வாய் சுத்தம் பண்றது, பெட்பேன், ஊட்டுறது. ஊட்டும்போது நிமித்தி உட்கார வை, ஊட்டி அரை மணிநேரம் படுக்க வைக்காத. யூரின் பேக்கை இடுப்புக்கு மேல தூக்காத, தரையிலயும் போடாத. மூச்சு எண்ணப் போறேன்னு சொன்னா ஆளு மூச்சையே மாத்திருவாங்க. நாடி பிடிச்ச கையை எடுக்காமலே நெஞ்சைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணிரு. அப்பத்தாவுக்கு நீ கஞ்சி ஊட்டின பதம் எனக்கு இன்னிக்கும் வராது.

ராமநாதபுரம் பஸ் பிடிக்குமுன்னே நகத்தை ஒட்ட வெட்டிரு, வளையலைக் கழட்டி வீட்டுல வை. பூசைக்கு வருவியா மாட்டியான்னு அம்மாகிட்டயாவது சொல்லு. சாப்பாட்டுக்கு ஆள் கணக்குக் கொடுக்கணும்.

அக்கா