என் தந்தையாரை அரூபச் சிற்பங்களின் முன் அமர வைத்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்ற மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னை ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் திறந்தவெளிச் சிற்பங்களைக் காண்பதற்காக, 81 வயதான என் தந்தையாரை அழைத்து வந்திருந்தேன். அன்று எங்களுக்கு உதவியவர்களிடம் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் திரும்பிவிட்டதால், இம்மடலைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

அப்பா மாமல்லபுரத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உளி பிடித்தவர். உறுப்புகளின் விகிதத்தைச் சொல்லும் தாள அளவு பிசகாமல் கோயில் திருமேனிகளை வடித்தே பழகியவர் என்பதால், முகமும் முத்திரையும் இல்லாத, அரூபமான ஒரு கல்லைச் சிற்பம் என்று சொன்னாலே அவருக்குக் கோபம் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ முறை அந்த வாசலைக் கடந்து போயிருந்தும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. "வேலை முடிக்காத கல்லைப் பார்க்க எதுக்கும்மா டிக்கெட்டு?" என்பதுதான் அன்று காலையிலும் அவர் கேட்ட கேள்வி.

பேசி வைத்திருந்த வாடகை வண்டி வராமல் போனபோது, கோவளத்துக்கு மட்டும் வருவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு, அப்பாவின் நடையைப் பார்த்ததும் ஈஞ்சம்பாக்கம் வரையிலும் வந்து இறக்கிவிட்ட ஆட்டோ ஓட்டுநருக்கு என் முதல் நன்றி.

அடுத்த நன்றி வாயிற்காவலருக்கு. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சிற்பத்துக்குச் சிற்பம் எங்களுடனேயே வந்தார். மணலில் நாற்காலியின் கால்கள் புதைவதைக் கண்டதும், எங்கிருந்தோ நான்கு ஓட்டுச் சில்லுகளைத் தேடி எடுத்து வந்து ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைத்ததோடு, இடம் மாறும்போதெல்லாம் அவற்றையும் மறவாமல் பொறுக்கிக்கொண்டார். அந்த நாற்காலி இல்லையென்றால் அப்பா பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பார்.

அங்கு வந்திருந்த சிற்பி ஒருவர், அப்பாவின் கைகளைப் பார்த்தே தொழிலை அறிந்துகொண்டு அருகில் வந்து அமர்ந்தார். அரூபம் என்றால் என்னவென்று அவர் பாடம் நடத்தவில்லை. 1966ஆம் ஆண்டில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த இளம் கலைஞர்களும், மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற காசில் இந்த ஊரை உண்டாக்கிய கதையை மட்டும் சொன்னார். "கைத்தொழில் பண்ணி வாங்கின மண்ணா?" என்று கேட்ட அப்பா, அதன் பிறகே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு பக்கம் கண்ணாடிபோல் மெருகேற்றி, மறுபக்கம் உளித் தடங்களை அப்படியே விட்டிருந்த ஒரு கருங்கல்லின் முன்பு அவர் ஏறக்குறைய அரை மணி நேரம் இருந்தார். மாமல்லபுரத்தில் பல்லவர் பாதியில் விட்டுப்போன பிடாரி ரதங்கள் என்னும் கற்கோயில்களில் இதே போன்ற கொத்தலைச் சிறு வயதில் தடவிப் பார்த்திருப்பதாகச் சொன்னவர், தடங்கள் சாய்ந்திருந்த திசையைக் காட்டி, "இதை அடிச்சவர் இடக்கைக்காரர்" என்றார். இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த மற்றொரு சிற்பத்தைப் பற்றிக் கேட்டபோது, "பத்தவச்ச இடம் சுத்தமா இருக்கு, மத்தது எனக்குப் புரியலை" என்றதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஓவியக் கல்லூரி மாணவர்கள் இருவருக்கும் தனியே கடமைப்பட்டிருக்கிறேன். உளியின் முனை உறுதிப்படத் தோய்ச்சல் கொடுப்பதைப் பற்றி அவர்கள் கேட்கப்போய், காய்ச்சிய முனையைத் தண்ணீரில் தொட்டெடுத்து, வைக்கோல் நிறம் நுனிக்கு ஓடி வரும் கணத்தில் மறுபடி நனைக்க வேண்டும் என்பதை, அப்பா கையசைத்துக் காட்டிக் காட்டி விளக்கினார். உலை மூட்டுவதை அவர் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நாங்கள் யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

சிற்பி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். அக்கருங்கல்லை வடித்தவர் இடக்கைக்காரர்தானா என்று விசாரித்துச் சொல்வதாகத் தாங்கள் கூறியிருந்தீர்கள். பதில் வந்துவிட்டதா என்று அப்பா தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
மாமல்லபுரத்துக் கல்தச்சர் ஒருவரின் மகள்