குளவிக் கூட்டைப் பற்றி அப்பா எழுதுவது

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். நானும் பாதியில் இருமிக்கொண்டு, சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்தேன். எழுதி முடித்து உன் அம்மாவிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள்.

போன டிசம்பர் கன்வென்ஷன் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்றாம் நாள் ராத்திரி. வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க தாத்தா குரங்குன்னு நம்புறவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நீ பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மறுநாள் ஸ்டேஷனில், நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது, "அப்பா, நீங்களும் சிரிச்சீங்க" என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை. போன வாரம் போனில், "விசுவாசம், பரிணாமம், ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும் போலிருக்குப்பா" என்று நீ சொன்னபோது, எனக்கு அந்த ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது.

31 வருஷம் 12ஆம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் நடத்தியவன் நான். அதே வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளியில் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். இரண்டையும் ஒரே இடத்தில் பேச வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். பயம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

லேசான பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்டவர் ஆறே நாளில் உலகத்தைப் படைத்தார் என்கிற ஆறு நாள் கணக்கு. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சூரியன் வருவது நாலாம் நாள். அதற்கு முன்பே மூன்று சாயங்காலமும் மூன்று விடியற்காலமும் ஆகிவிட்டன. முதல் அதிகாரத்தில் செடிகொடி, மிருகம், கடைசியில் மனுஷன். இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் முதலில், அப்புறம்தான் தோட்டமும் மிருகங்களும். இதை எழுதி அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நாள் கணக்குச் சொல்வது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் ஒன்றையாவது திருத்தியிருப்பார்கள்.

உலகத்துக்கு வயசு ஆறாயிரம் என்பதும் வேதத்தில் எழுதியிருக்கிற வசனம் கிடையாது. அயர்லாந்து பேராயர் அஷர் 1650இல் வம்ச வரலாறுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, கி.மு. 4004 என்று போட்ட கணக்கு அது. பிற்பாடு ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அச்சடித்தார்கள்; ஓரத்தில் இருந்ததை ஜனங்கள் வசனம் மாதிரியே படித்துப் பழகிவிட்டார்கள். 1925இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில், பரிணாமம் சொல்லிக்கொடுத்ததற்காக ஒரு வாத்தியார் மேல் வழக்குப் போட்டார்களே, அதில் வேதத்தின் பக்கம் நின்று வாதாடிய பிரையன்கூட, அந்த நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று கூண்டில் ஒத்துக்கொண்டார். இன்றைக்கு நம் பந்தலில் கேட்கிற கறாரான பேச்சு பெரும்பாலும் 1961இல் அதே அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகு சூடுபிடித்தது. நம் ஆச்சி காலத்து விசுவாசம் என்று அதை நினைத்துக்கொள்ளாதே. ஆச்சிக்கு அஷரும் தெரியாது, டார்வினும் தெரியாது.

1600 வருஷத்துக்கு முன்பே சபைப் பிதாவான அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போது எச்சரித்தார். வானம், பூமி, நட்சத்திரம், மிருகங்கள் பற்றியெல்லாம் கிறிஸ்தவரல்லாதவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அவர்கள் காதுபட ஒரு விசுவாசி வேதத்தைக் காட்டிக்கொண்டு உளறினால், அவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். அன்றைக்குப் பந்தலில் சிரித்தது நாங்கள். அகுஸ்தீன் சொன்ன சிரிப்பு உன் லேபில் கேட்கும்.

சாட்சி இல்லாமல் பேசக்கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். ஆச்சி வளர்த்த வெள்ளாட்டுக்கு நெல்லிக்காய் தேவையில்லை. வைட்டமின் சியை அதன் கல்லீரலே செய்துகொள்ளும். நமக்கு அது முடியாது. அதற்கான மரபணு நம்மிடம் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. சிம்பன்ஸியிடமும் மற்றக் குரங்குகளிடமும் அதே மரபணு பழுது. கினிப்பன்றியிடமும் பழுதுதான், ஆனால் உடைந்த விதம் வேறு. இத்தனை வருஷம் விடைத்தாள் திருத்திய எனக்கு இது போதும். இரண்டு பையன்கள் சரியான விடை எழுதியிருந்தால் காப்பியடித்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருந்தால், மூலத்தாள் ஒன்று என்று அர்த்தம். ஆண்டவர் அந்தத் தப்பை வேண்டுமென்றே இரண்டு தாளிலும் தனித்தனியாக எழுதி வைத்தார் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

தாத்தா குரங்கு என்ற பேச்சுக்கு வருகிறேன். உன்னை இடையன்குடிக்குக் கூட்டிப்போனேனே, கோயிலுக்குள் கால்டுவெல் ஐயர் கல்லறையைக் காட்டி? அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். பரிணாமம் பற்றிய டார்வினின் புத்தகத்துக்கு மூன்று வருஷம் முன்பு. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்று மிஷனரி ஒருவர் எழுதினார். ஆண்டவரே மொழிகளைத் தாறுமாறாக்கினார் என்கிற பாபேல் கோபுரக் கதையைக் காட்டி யாரும் அவரைச் சபையைவிட்டுத் தள்ளவில்லை. பிற்பாடு பிஷப் ஆனார். தமிழ் பேசுகிற தாய் என்றைக்காவது ஒரு நாள் மலையாளம் பேசுகிற பிள்ளையைப் பெற்றாளா? எந்தத் தலைமுறையிலும் தாய் பேசியது பிள்ளைக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் இன்றைக்கு இரண்டு மொழி. குரங்கும் நமக்குத் தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி. வகுப்பில் இந்த உதாரணத்தைச் சொன்னால் பையன்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பந்தலில் எழுந்து சொல்லத்தான் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்னொன்று. "பூமியானது புல்லையும் பூண்டுகளையும் முளைப்பிக்கக்கடவது" என்றுதான் வசனம். தண்ணீரைப் பார்த்து ஜநிப்பிக்கச் சொல்கிறார், பூமியைப் பார்த்துப் பிறப்பிக்கச் சொல்கிறார். படைக்கிற வேலையில் பாதியைப் படைப்பின் கையிலேயே கொடுத்துவிடுகிற மாதிரி இல்லையா? டார்வினின் புத்தகம் கைக்கு வந்தவுடனே சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற இங்கிலாந்துக் குருவானவர் ஏறக்குறைய இதைத்தான் அவருக்கு எழுதினார்: தாமாகவே வளர்ந்து மாறக்கூடிய ஆதி உருவங்களைத் தேவன் படைத்தார் என்று நம்புவதும் அதே அளவு மேன்மையான நம்பிக்கைதான் என்று. டார்வின் அதை 1860இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர் என்று 139ஆம் சங்கீதம் பாடுகிறோம். நீ உண்டானபோது ஸ்கேனில் உன் வளர்ச்சியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டேதான் நானும் அம்மாவும் அதைப் பாடினோம். ஒன்று இன்னொன்றை ரத்து செய்வதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சரி, இனி கஷ்டமான பகுதி. நீ என்னிடம் மறைப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆறு நாள் கணக்குக்காக நீ கோயிலைவிட்டுப் போகிறவள் இல்லை.

உனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். ஸ்டோர் ரூம் ஜன்னல் கட்டையில் குளவி கூடு கட்டியிருந்தது. குட்டி மண்குடம் மாதிரி, வாயை அடைத்து. ஆச்சி அதைத் தொடவிடமாட்டாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது ஒன்று. இன்னொன்று, அந்தப் பழைய கதை: குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து, ரீங்காரம் பண்ணிக் கொட்டிக் கொட்டி அதையும் குளவியாக்கிவிடுமாம். குருவுக்கும் சீடனுக்கும் சொல்கிற உவமை. ஆச்சி அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து வைத்திருந்தாள். "ஆண்டவரும் நம்மள இப்படித்தான் கொட்டிக் கொட்டித் தம்ம சாயலாக்குவாரு" என்பாள்.

அவள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நாம் இரண்டு பேரும் ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் குடத்தின் ஒரு பக்கத்தைப் பெயர்த்தோம். உள்ளே ஏழு பச்சைப் புழுக்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி. நீ ஈர்க்குச்சியால் ஒன்றைத் தொட்டாய், லேசாக நெளிந்தது. செத்திருக்கவில்லை, நகர முடியாமல் கிடந்தது. மேலே ஒரு நூலில் குளவியின் முட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பொரித்து வருகிற குஞ்சுக்கு இறைச்சி கெட்டுப்போகாமல் இருக்கத்தான் புழுவைக் கொல்லாமல் முடக்கி வைக்கிறது என்று விளக்கினேன். "அதுக்கு வலிக்குமாப்பா?" என்றாய். தெரியாது என்றேன். "ஆண்டவர் ஏன் இப்படி வச்சாரு?" என்றாய். "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன். இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்துகூடக் கூட்டத்துக்கு முன்னால் தன் கையைத்தான் கழுவினான். நான் பிள்ளையின் கையைக் கழுவச் சொன்னேன்.

அந்தக் கேள்வியையே டார்வினும் கேட்டிருக்கிறார் என்று உனக்கு அப்போது சொல்லியிருக்கலாம். ஹார்வர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஏசா கிரே பிரஸ்பிட்டீரியன் சபைக்காரர். டார்வினின் நெருங்கிய சிநேகிதர், அமெரிக்காவில் அவருக்காகப் பரிந்து எழுதியவர். அவருக்கு 1860 மே மாதம் டார்வின் ஒரு கடிதம் எழுதினார். அதில் வருவது வேறு வகைக் குளவி, புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடுவது. அன்பும் சர்வவல்லமையும் உள்ள கடவுள், உயிரோடிருக்கிற புழுவைத் தின்பதற்கென்றே அந்தக் குளவியைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்கிறார். ஒன்பது வருஷம் முன்பு பத்து வயசு மகள் ஆனியைப் பறிகொடுத்த தகப்பன் எழுதியது என்பதை நினைத்துக்கொண்டுதான் நான் அதைப் படிப்பேன்.

மாற்றங்களை நல்ல திசையில் கடவுளே நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாமே என்று கிரே சொல்லிப் பார்த்தார். டார்வின் ஒத்துக்கொள்ளவில்லை. விசுவாசியான நான் இந்த இடத்தில் டார்வின் பக்கம். ஒவ்வொரு மரபணு மாற்றத்தையும் ஆண்டவர் கைப்படச் செய்கிறார் என்றால், உன் பெரியம்மாவின் மார்பில் வந்த கட்டியையும் அவர் கைப்படச் செய்தார் என்று ஆகும். அவளுடைய அடக்க ஆராதனையில் ஒருவர் அப்படித்தான் ஜெபித்தார். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்படியானால் பதில் என்ன என்று கேட்பாய். குளவிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை டார்வின்தான் வேதத்துக்குள் கொண்டுவந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எல்லாவற்றையும் இழந்த யோபு சாம்பலில் உட்கார்ந்து கேட்டது வேறென்ன? "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று ஆண்டவரிடமிருந்து பதிலுக்குக் கேள்விதான் வந்தது. 104ஆம் சங்கீதத்தில் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன. அந்த இரை மானாகத்தான் இருக்கும், பாடியவருக்கும் அது தெரியும். சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார் பவுல். சிலுவையில் தொங்குகிறவரைக் கும்பிடுகிற நம்மிடம், சிருஷ்டியில் வலி இருக்கிறது என்று புதிதாக யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. இது விளக்கம் ஆகாது என்று எனக்கும் தெரியும். நான் நிற்கிற இடம் இது, அவ்வளவுதான்.

ஆதாமைப் பற்றி உனக்குப் பாக்கி வைக்கிறேன். ஒரே மனுஷனாலே பாவம் வந்தது என்று ரோமர் நிருபம் சொல்கிறது. நம் முன்னோர்கள் ஒருபோதும் வெறும் இரண்டு பேராக இல்லை, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்று உங்கள் மரபணுக் கணக்கு சொல்கிறது. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மனுஷ சரீரத்தின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றவர், இந்த இடத்தில் மட்டும் பிடியை விடவில்லை. ஆதாம் என்றால் எபிரெயத்தில் மனுஷன் என்றே அர்த்தம். அது நம் எல்லாருடைய கதை என்று நான் படிக்கிறேன். நம் சபைப் போதகர் ஐயர் ஒத்துக்கொள்ள மாட்டார். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசிப் பேசியே காபியை ஆறவிட்டிருக்கிறோம்.

1879இல் ஒருவருக்கு எழுதும்போது, ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமத்தை ஏற்கிறவராகவும் இருக்க முடியும் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று டார்வின் சொல்லி, கிங்ஸ்லியையும் கிரேயையும் உதாரணம் காட்டினார். அவர் தம்மை அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளவில்லை. நீ எந்த வரிசையில் நிற்பாய் என்று நான் கேட்கப்போவதில்லை. பந்தலில் ஒருவர் அடித்த கிண்டலுக்காகவும், அதற்கு உன் அப்பா சிரித்ததற்காகவும் மட்டும் முடிவு எடுத்துவிடாதே. அந்தச் சிரிப்புக்காக என்னை மன்னித்துக்கொள், பாப்பா.

அடுத்த மாதம் வாலிபர் கூட்டத்தில் பேச ஐயர் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். நான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இந்தத் தலைப்பில்தான். உன் அம்மா, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா" என்கிறாள். அந்த வைட்டமின் சி மரபணு மனுஷனிடத்திலும் குரங்கிடத்திலும் எங்கெங்கே ஒரே மாதிரி உடைந்திருக்கிறது என்று ஒரு படம் போட்டு அனுப்பு. சார்ட்டில் வரைந்து எடுத்துப் போகிறேன்.

அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். பக்கத்துத் தெருவில் ஒருவருடைய மகன் இருபதாம் தேதி அங்கே வருகிறான், கொடுத்துவிடுகிறோம். எண்ணெய் கசியாமல் மூன்று கவர் சுற்றச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா