இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் நடந்தது

அன்புள்ள கயல்,

நலமா? நானும் அம்மாவும் நலம். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் உன் ஃபோன் வரவில்லை. வேலை இருந்திருக்கும். அம்மாதான் ரெண்டு தடவை கேட்டாள். வருடக் கடைசி, ரிலீஸ் நேரம், தொந்தரவு செய்யாதே என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் அனுப்பிய படத்துக்கு உடனே ரெண்டு நீலக் கோடு விழுந்தது. அந்த நேரம் உனக்கு வழக்கமாக மீட்டிங் இருக்கும். சரி, அது கிடக்கட்டும்.

நோட்டு விஷயமாகத்தான் எழுதுகிறேன். டிசம்பர் வந்துவிட்டது, எல்லாப் பத்திரிகையிலும் வரும் வருடத்துக்கான தொழில்நுட்பக் கணிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. நீ வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கிய அதே நோட்டுதான். இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் நடந்தது. இன்னும் பதினைந்து தாள் மீதி இருக்கிறது.

மறப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஃபீஸில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும், திரையில் காட்டினாலும், அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. ஒரு ராத்திரி தாண்டட்டும். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நேற்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். 1995 டிசம்பரில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப், அடுத்த வருடமே இணையம் நிலைகுலைந்து விழுந்துவிடும் என்று எழுதினார். தப்பானால் எழுதியதைத் தின்கிறேன் என்றார். 1997ல் ஒரு மாநாட்டு மேடையில் அந்தத் தாளை மிக்ஸியில் போட்டு, தண்ணீர் விட்டு அரைத்து, எல்லோரும் பார்க்கத் தின்றார். அந்த வலது பக்கத்தில் ‘நேர்மையான மனிதர்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். 2004 ஜனவரியில் பில் கேட்ஸ், ரெண்டு வருடத்தில் ஸ்பாம் மின்னஞ்சல் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். 2016ல் ஈலான் மஸ்க், அடுத்த வருடம் முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை கார் தானாகவே போகும் என்றார். அதே 2016ல் செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் டாக்டர்களான ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் பார்க்கும், பத்து வருடம்கூட ஆகலாம் என்றார். 2024ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ரேடியாலஜிஸ்டுகளுக்கு இன்னும் ஆஸ்பத்திரிகளில் தேவை இருக்கிறது. அவ்வளவு பெரிய மேதை. இயந்திரம் எங்கே போகும் என்பதைச் சரியாகப் பார்த்தார், எப்போது போய்ச் சேரும் என்பதில்தான் தவறினார்.

எல்லாமே பொய்த்தது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு கம்ப்யூட்டர் சில்லில் அடங்கும் உறுப்புகள் வருடா வருடம் ரெண்டு மடங்காகும் என்று 1965ல் சில்லுத் துறை நிபுணர் கோர்டன் மூர் சொன்னது பத்து வருடம் அப்படியே நடந்தது. 1975ல் அவரே கணக்கைத் திருத்திக்கொண்டார். ஆட்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

அந்தப் பக்கங்களை நான் படிக்கும்போது உன் முகம்தான் வருகிறது. 2025 மார்ச்சில் ஒரு ஏ.ஐ. நிறுவனத்தின் தலைவர், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் புரோகிராம் கோடில் 90 சதவீதத்தை இயந்திரமே எழுதும், ஒரு வருடத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதும் என்றார். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே வருடம் ஜூலையில் ஒரு ஆய்வு வந்தது. அனுபவமுள்ள 16 புரோகிராமர்களுக்கு, அவர்களுக்கு நன்றாகப் பழகிய வேலையையே கொடுத்து, ஏ.ஐ. கருவியோடும் அது இல்லாமலும் செய்யவைத்தார்கள். கருவியோடு செய்தபோது 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். பதினாறு பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது, கருவிகளும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். உனக்கு அந்த லிங்க் அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டாய்.

போன வருடம் நடுராத்திரியில் உங்கள் சர்வர் விழுந்ததே, நாலு மணிநேரம் உட்கார்ந்து சரிசெய்தாயே, அதை நான் இன்னும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோடில் தப்பே இல்லை, வேறொரு டீமில் யாரோ நேர மண்டலத்தை மாற்றிவிட்டார்கள், அதைக் கண்டுபிடித்தேன் என்றாய். ‘யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பணும்னு தெரிஞ்சதுதாம்பா பாதி வேலை’ என்றாய். எந்த நிபுணர் சொன்னதையும்விட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. தேதி போட்டு எழுதிவைத்தேன். அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை பேச நேரமில்லை என்றால் எப்படி? உன் வீட்டில் நெட் இல்லையா, ஃபோன் இல்லையா?

சரி, வரும் வருடத்துக்கு நான் எழுதியிருப்பதைச் சொல்கிறேன்.

ஏஜென்ட் என்று ஒன்றை எல்லா நிறுவனமும் வாங்கும். சொன்ன வேலையைத் தானே பத்துப் படியாகப் பிரித்துச் செய்துமுடிக்கும் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகச் செய்கிறது என்றே வைத்துக்கொள். பத்துப் படியும் சரியாக முடிவது நூற்றுக்கு அறுபது தடவைதான் வரும். நான் பெருக்கிப் பார்த்தேன். அதனால் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆளை இப்போதே அனுப்பிவிட்டு அப்புறம் தேடுகிற இடங்கள் இருக்கும்.

புதிதாகப் படித்து வருகிற பிள்ளைகளை எடுப்பது இன்னும் குறையும். அதன் விலை அடுத்த வருடம் தெரியாது. நாலைந்து வருடம் கழித்து, அனுபவசாலி எங்கே என்று கேட்கும்போது தெரியும்.

ஏ.ஐ.யை ஓட்டும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்களான டேட்டா சென்டர்களுக்குப் பணம் கொட்டும், மின்சாரம்தான் முட்டுக்கட்டையாக நிற்கும். 2024ல் உலகத்தின் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் அவற்றுக்குப் போனதாகவும், 2030க்குள் அந்தத் தேவை ரெண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை சொல்லியிருக்கிறது.

அப்புறம் ஆட்குறைப்பு. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தது. அப்போது, கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி எடுத்துவிட்டோம் என்றார்கள். இனி ஏ.ஐ. என்பார்கள். பெயர்ப் பட்டியலில் இருப்பவருக்கும் அவருடைய திறமைக்கும் பல இடங்களில் சம்பந்தமே இருக்காது. மேலே ஒருவர் ஒரு எண்ணைச் சொல்வார், கீழே அந்த எண்ணை நிரப்புவார்கள். பட்டியலில் ஒருவர் பெயர் வந்தால் அவர் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இதையும் பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று, குரல் மோசடி பெருகும். சில நொடிப் பேச்சு கிடைத்தாலே அதே குரலைச் செய்துவிடுகிறார்கள். உன் குரலில் யாராவது அழைத்துப் பணம் கேட்டால், அந்த நாய்க்குட்டியின் பெயரைக் கேட்பேன். உனக்கும் எனக்கும்தான் தெரியும். அது ஞாபகம் இருக்கிறதா என்று சரிபார்க்கவாவது ஒருதடவை கூப்பிடு.

கையெழுத்து விஷயம் மனதில் இருக்கட்டும். எதுவானாலும் ஒரு ராத்திரி தாண்டட்டும். தெரிந்த வக்கீல் இருந்தால் காட்டு. மாப்பிள்ளையிடமாவது காட்டு. அவரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளாதே.

கயல், பிரஸ் முதலாளி போன மாதம் இறந்துவிட்டார். உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ வருத்தப்பட்டிருக்க மாட்டாய், அதற்குக் காரணம் நான்தான்.

கம்ப்யூட்டர் வந்ததும் அவர் என்னை வெளியே தள்ளினார் என்றுதான் உனக்கும் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் தள்ளவில்லை. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, ‘எழுத்து தெரிஞ்சவன் நீதான், நீ உட்காரு’ என்று நாற்காலியை இழுத்துப்போட்டார். நான் பதினாறு வருடம் அச்சுக் கோத்தவன். எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்று கைக்குத் தெரியும், பார்க்கவே வேண்டியதில்லை. ஈய எழுத்தைத் தலைகீழாக, இடம் வலமாக வாசிப்பேன். அந்தக் கீபோர்டு முன்னால் என் விரல் ஒவ்வொரு எழுத்துக்கும் தேடி அலைந்தது. என் வயதில் பாதிகூட இருக்காது, ஒரு பெண்தான் சொல்லிக்கொடுத்தாள். பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் நாள், நான் ஒரு மணிநேரம் அடித்தது கை பட்டு அழிந்துவிட்டது. ‘பரவாயில்லைங்க, சேவ் பண்ணிட்டே அடிங்க’ என்றாள். அந்த ‘பரவாயில்லைங்க’ எனக்குத் தாங்கவில்லை. மத்தியானம் எழுந்து வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. முதலாளி ரெண்டு தடவை ஆள் அனுப்பினார். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

நாங்கள் கஷ்டப்பட்ட அந்த வருடங்கள் இயந்திரத்தால் வந்தவை இல்லை. வெட்கத்தால் வந்தவை. நீ எட்டாவது படிக்கும்போது அவர் வழியில் எதிரே வந்து உன்னைப் பார்த்துச் சிரித்தார். நீ எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். முப்பது வருடத்துக்கு மேல் சும்மாவே இருந்துவிட்டேன்.

அந்தப் பயத்தைத்தான் உன் விண்ணப்பத்திலும் எழுதினேன். தாவரவியல் என்று நீ எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் என்று போட்டது என் கை. இனி ஐம்பது வருடத்துக்கு இந்த வேலைக்குக் குறைவே இல்லை என்று எதிலோ படித்திருந்தேன். அதை மட்டும் நோட்டின் இடது பக்கத்தில் நான் எழுதவே இல்லை. நீ இலைகளை ஒட்டிவைத்த அந்தப் பச்சை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நீ தூக்கிப் போட்டதை நான் எடுத்து வைத்தேன்.

நீ எதையும் விளக்க வேண்டாம். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் மாட்டேன். இதைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் போட்டாலும் போதும். ஆனால் மதியம் வீட்டில் இருக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காராதே. நேரத்துக்குத் தூங்கு. எதிலும் உடனே கையெழுத்துப் போடாதே.

உன் அறை அப்படியேதான் இருக்கிறது. அந்த மூலையில் சிக்னல் வராது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயே, நேற்று ரவுட்டரை அந்த அறைச் சுவருக்கே மாற்றிவைக்கச் சொன்னேன். கீழ்வீட்டுப் பையன் வந்து லேப்டாப்பில் பார்த்தான். மேசையிலும் கட்டிலிலும் முழுதாக வருகிறதாம்.

அன்புடன்,
அப்பா