ராஜா இல்லாத கதை

வாசகர் வட்ட நண்பர்களுக்கு, வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான சரித்திர நாவல் பட்டியலைப் பார்த்தேன். ஆறில் ஐந்து சோழர், ஒன்று பாண்டியர். கற்கால நாவல் ஒன்றைச் சேர்க்கலாமே என்று போன கூட்டத்தில் சொன்னதும் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “குகை மனுஷன் என்ன வசனம் பேசுவான்?” என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பதில் பெர்ரியில் வீடு திரும்பும்போதுதான் தோன்றியது.

பேசுவான். ஆனால் யாரையும் ‘இரும்பு நெஞ்சக்காரன்’ என்று திட்ட முடியாது, இரும்பே இல்லை. ‘இரண்டு நாழிகை கழிந்தது’ என்று எழுதினால் குகையே இடிந்துவிடும். ராஜேந்திரன் அடுக்களையில் யாராவது மிளகாய் கிள்ளிப் போட்டால் நாம் கண்டுகொள்வதில்லை. அது நம் பக்கம் வந்ததே அவனுக்கு ஏறக்குறைய 500 ஆண்டு கழித்து. கற்கால நாவலில் அந்தச் சலுகை கிடையாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கிடைத்த ‘பேராக் மனிதனை’ எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் லெங்கோங் பள்ளத்தாக்குக் குகையொன்றில் பேராசிரியர் சுரைனா மஜித் குழுவினர் கண்டெடுத்த எலும்புக்கூடு. வயது 10,000 ஆண்டுக்கு மேல். இடது கை சூம்பிப்போனவர். ஆனாலும் 40 வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். கருவில் கிடக்கும் பிள்ளைபோல் காலை மடக்கிப் படுக்கவைத்து, கற்கருவிகளோடும் ஏராளமான ஆற்று நத்தைகளோடும் புதைத்திருக்கிறார்கள். பாவப்பட்டுச் சோறு போட்டு வளர்த்தார்களா, பயந்து படையல் வைத்தார்களா? எலும்பு சொல்லாது. நாவலாசிரியர்தான் சொல்ல வேண்டும். (சோறு என்று எழுதிவிட்டேன். அங்கே நெல்லுக்கு இன்னும் பல ஆயிரம் ஆண்டு இருக்கிறது. எவ்வளவு கஷ்டம் பாருங்கள்!)

பேராக் வரைக்கும்கூட வேண்டாம். கடாரத்தைப் பார்க்கிறோம் என்று பூஜாங் பள்ளத்தாக்குக்கு இரண்டு முறை பஸ் பிடித்துப் போனோம். மூடா ஆற்றுக்கு இக்கரையில், பினாங்கின் நிலப்பகுதியான நம் செபராங் பிறையிலேயே இருக்கும் குவார் கெப்பாவில் ஒருமுறைகூட இறங்கவில்லை. ஒருகாலத்தில் சிப்பி ஓடுகள் மேடுமேடாகக் குவிந்து கிடந்த இடம். சுண்ணாம்புக்காக வெட்டியே பெரும்பகுதி தீர்ந்துபோனது. வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டியெடுத்த எலும்புகள் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2017இல் குவார் கெப்பாவில் காட்சிக்கூடம் கட்டும் வேலையின்போது ‘பினாங்குப் பெண்’ கிடைத்தாள். 5,000 ஆண்டுக்கு முந்தியவள். நம் ஊர்க்காரி, அவளுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்காமல் தஞ்சாவூர் அரண்மனையிலேயே குடியிருக்கிறோம்.

ஐந்து சோழரில் ஒருவர் இடம் விடட்டும். அந்த மாதக் கூட்டத்தைக் குவார் கெப்பாவில் வைப்போம்; நாசி லெமாக் என் செலவு. படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால், அதற்கடுத்த ஆண்டு ஆறும் சோழராகவே இருக்கட்டும். நான் வாய் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
பாகானிலிருந்து வரும் உங்கள் உறுப்பினர்