பயிற்சிக்கு அழைப்பவர்களே பயணச் செலவையும் கொடுங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கிளை நடத்தும் தனியார் நிதி நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்களில் ஒரு நிறுவனத்தின் கிளை வாட்ஸ்அப் குழுவுக்குச் சென்ற வியாழன் மாலை 6 மணிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. சனி, ஞாயிறு சென்னையில் பயிற்சி, காலை 9.30-க்கு வருகைப் பதிவு, வராதவர்களுக்குச் சம்பளப் பிடித்தம். கடைசி வரி: "பயணமும் தங்குமிடமும் அவரவர் பொறுப்பு." இந்த வரி மற்ற நிறுவனங்களுக்கும் புதிதல்ல என்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

வெள்ளி இரவு ரயிலுக்குப் படுக்கை வசதித் தட்கல் வியாழன் காலை 11 மணிக்கே திறந்துவிடும். மாலையில் தகவல் சொன்னால் மிச்சம் இருப்பது பேருந்துதான். ஏற்காடு கிளையில் கணக்கு முடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, புது பஸ் ஸ்டாண்டில் வண்டி பிடித்து 340 கிலோமீட்டர் உட்கார்ந்தே போக வேண்டும். அந்த வண்டியும் இப்போது ஊருக்குள் போவதில்லை, கிளாம்பாக்கத்தோடு சரி. விடியாத நேரத்தில் அங்கே இறங்கும் ஒரு பெண் ஊழியர் எங்கே குளிப்பார்? கழிப்பறை வரிசையில் நின்று முகம் கழுவி, பையில் மடித்து வைத்த சீருடைப் புடவையை ஈரத்தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் வரும்வரை பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு மாநகரப் பேருந்து. 9.30-க்குக் கையெழுத்து. மதியம் தேர்வு. தூக்கம் சொக்கும் கண்ணோடு எழுதித் தேர்ச்சி பெறாவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் இதே பயணம், மறுபடியும் சொந்தக் காசு.

திரும்பும்போது இதைவிட மோசம். ஞாயிறு மாலை 5.30-க்கு வகுப்பு முடிந்து கிளாம்பாக்கம் போய் வண்டி ஏறினால் சேலம் வர நள்ளிரவு தாண்டிவிடும். மலைக்கு விடிந்தால்தான் பஸ். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கத்துப் பெண்கள் அதுவரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில். திங்கள் காலை கிளை திறக்கவும் அவர்கள்தான் வர வேண்டும்.

மாதம் 14,000 ரூபாய் வாங்குபவருக்கு 26 நாள் கணக்கில் ஒரு நாள் சம்பளம் 538 ரூபாய். போக வர, ஓர் இரவு அறை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்ந்து 2,700 ஆனால் ஐந்து நாள் உழைப்பு போய்விட்டது. நீங்கள் கொடுத்தால் அது தொழில் செலவாகக் கணக்கில் ஏறி வரியில் கழியும். ஊழியர் கொடுத்தால் எதிலும் கழியாது. வேலையின் தன்மையால் ஊழியருக்கு நேரும் தனிச் செலவை ஈடுகட்டக் கொடுக்கும் தொகை சம்பளத்தில் சேராது என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பே பிரித்துச் சொல்கிறது. சம்பளம் வேறு, இந்தச் செலவு வேறு. பயிற்சிக்கு அழைப்பவர் அதன் செலவை ஏற்க வேண்டும்.

கொடுக்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்களிலும் காசு கைக்கு வருவதில்லை. அரசு பஸ் டிக்கெட் சூட்டில் அச்சாகும் தாள். பர்ஸில் ஒரு மாதம் கிடந்தால் எழுத்து மங்கிவிடும், "பில் தெளிவில்லை" என்று வவுச்சர் திரும்பி வரும். ஆட்டோவுக்கு ஏது பில்? அன்றன்றே எடுத்த டிக்கெட் படத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பில் கிடைக்காத செலவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தினப்படி வையுங்கள். அறையை நிறுவனமே பதிவு செய்து, பணத்தையும் நேரே விடுதிக்குக் கட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. அதனால் பயிற்சியை நீங்கள் தள்ளிவைத்தால் அந்த நஷ்டமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வகுப்பு காலை 10 மணிக்கு முன் தொடங்கினால் முந்தின இரவே அறை வேண்டும். இருபது பேரைச் சென்னைக்கு இழுப்பதற்குப் பதில் பயிற்சியாளர் ஒருவர் சேலத்துக்கு வரலாமே. ஐந்து ரோடு பக்கம் மண்டபத்துக்கா பஞ்சம்?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேரும்போதே பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறீர்கள், இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று. பஸ்ஸுக்கும் அறைக்கும் சோற்றுக்கும் கொடுத்தது அந்த ஊழியர். எந்தச் செலவைத் திருப்பிக் கேட்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை போனதற்கு மாற்று விடுப்பு கேட்டால் "கற்றுக்கொண்டது உனக்குத்தானே" என்கிறார்கள் மேலாளர்கள். கற்றது உங்கள் மென்பொருள், உங்கள் படிவம், உங்கள் வசூல் முறை.

கோபத்தில் எழுதிய சொல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: பயிற்சிக்கு அழைப்பவர் செலவை ஏற்க வேண்டும், அதுவும் கிளம்புவதற்கு முன்பே முன்பணமாக. அடுத்த அறிவிப்பைப் பத்து நாள் முன்னதாக அனுப்பி, அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு, அறை பதிவான விடுதியின் பெயரை அந்த இடத்தில் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு கிளை ஊழியர்கள்